தத்துக் கொடுத்த கதை

ஸ்டோர் ரூம் கதவுக்கு முன்னால் குழந்தை குப்புறப் படுத்துக்கொண்டு, கதவடியில் இருந்த இடுக்கு வழியாக ஒரு பிஸ்கட்டை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள். பாதி போனதும் பிஸ்கட் தட்டி நின்றது. அவள் விரலை எடுத்துவிட்டாள். மீதிப் பாதி தானாகவே உள்ளே போனது.

"என்னடி பண்றே அங்க?" என்றாள் அம்மா.

"மாமாவுக்கு."

"எந்த மாமாவுக்கு?"

இதெல்லாம் ஒரு கேள்வியா என்பது போலக் குழந்தை பார்த்தாள். எழுந்து, கையைக் கவுனில் துடைத்துக்கொண்டு, பொம்மைகளைத் தேடிக் கூடத்துக்குப் போய்விட்டாள். மூன்று வயது இன்னும் முடியவில்லை. அதற்குள் அவ்வளவு அலட்சியம்.

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து தாழ்ப்பாளைத் திறந்தாள். துடைப்பம், வாளி, குழந்தை வளர்ந்ததும் மடக்கி வைத்த தொட்டில், மேலே பரணில் இரண்டு பெட்டிகள். பூட்டியே கிடக்கும் அறைகளுக்கு இருக்கும் ஈர வாடை. பிஸ்கட் இல்லை. உதிர்ந்த தூள்கூட இல்லை, ஓர் எறும்புகூட இல்லை. எலிதான் என்று முடிவு கட்டினாள். எலி என்றால் ஒரு பொறியோடு போகும். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

ஆனாலும் அந்தப் பிஸ்கட் உள்ளே போன விதம் மனதை விட்டுப் போகவில்லை. எலி வெடுக்கென்று இழுக்கும். இது மெதுவாக, மரியாதையாகப் போனது.

அவளுக்கு ஆஸ்பத்திரியில் வேலை. எந்த நோயாளிக்கு எவ்வளவு கஞ்சி, எவ்வளவு உப்பு என்று அளந்து சொல்கிற வேலை. 'பத்தியம்மா' என்றுதான் வார்டில் முதுகுக்குப் பின்னால் அவளைச் சொல்வார்கள். கணவருக்கு வெளியூரில் உத்தியோகம், மாதம் ஒருமுறை வருவார். அவருக்கும் வார்டுக்கும் தெரியாத இன்னொரு பிழைப்பு அவளுக்கு இருந்தது. டி.வி. தொடர்களில் வரும் ஆட்களை எடுத்துவைத்துக்கொண்டு ரசிகர்கள் தாங்களே கதை எழுதிப் போடும் ஒரு தளத்தில், ஒரு காலத்தில் அவள் பெரிய ஆள்.

அவள் எழுதியது ஓர் ஆம்புலன்ஸ் தொடரை வைத்து. அதில் வரும் டிரைவரை எல்லோரும் 'நெட்டை' என்பார்கள். எந்த வாசலிலும் குனிந்துதான் நுழைவான். நுழையும்போதே "யாராவது உள்ள இருக்கீங்களா?" என்று குரல் கொடுப்பான். குழந்தைகள் இருந்தால் முதலில் தூக்கித் தோளில் வைத்துக்கொள்வான். யாரையும் விட்டுவிட்டு வந்ததே கிடையாது. அப்படிப்பட்டவனை அழவைத்துப் பார்ப்பதில்தான் ரசிகைகளுக்கு ருசி. அவளும் சளைத்தவள் இல்லை. வில்லன் வீட்டில் ஓர் இருட்டறையில் தள்ளித் தாழ்ப்பாள் போட்டுவிட்டாள். வில்லன் வீட்டை அவள் எங்கே பார்த்தாள்? யோசிக்கச் சோம்பல்பட்டுத் தன் வீட்டையே எழுதினாள். சமையலறையை ஒட்டிய ஸ்டோர் ரூம், பச்சைக் கதவு, வெளிப்பக்கம் தாழ்ப்பாள், லைட் சுவிட்சும் வெளியே. "நேர்ல பாத்த மாதிரியே இருக்கு" என்று பாராட்டுக் குவிந்தது. கடைசி வரியில் அவன் தன் வசனத்தையே மாற்றிப் போட்டு, "யாராவது வெளிய இருக்கீங்களா?" என்று கேட்டான். அந்த இடத்தில் 'தொடரும்' போட்டாள்.

அந்த வாரமே பிரசவ வலி எடுத்தது. அப்புறம் தூக்கமில்லாத ராத்திரிகள், வேலை, பல் முளைத்த காய்ச்சல். நெட்டையை இருட்டில் வைத்துவிட்டு அவள் அப்படியே மறந்துபோனாள். அவன் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அவள் எழுதவில்லை.

சாயங்காலம் இருட்டிக்கொண்டு வந்தபோது போன் அடித்தது. குருவி. தளத்தில் கிடைத்த தோழி, நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் 'டி' போட்டுப் பேசுகிற சிநேகம். பாதியில் நிற்கும் கதைகளை ஒரே மாதத்தில் முடித்துக் காட்ட வேண்டும் என்று தளத்தில் ஒரு சவால் நடத்துகிறாள். பெயர் கொடுக்க இன்றுதான் கடைசி நாள்.

"முடிக்கிறியா, இல்லையா? ரெண்டுல ஒண்ணு சொல்லுடி. இன்னிக்குப் பட்டியல மூடணும்."

"பயமா இருக்கு."

"கெடுவுக்கா? ஒரு மாசம் இருக்கே. முடியலன்னா தத்துக் குடுத்துடு, வேற யாராவது எழுதி முடிக்கட்டும். கோடாலி உன் கதைய எப்பவோ கேட்டு வெச்சிருக்கான். ஒரு அத்தியாயம் எழுதியே வெச்சிருக்கானாம், நீ சரின்னா போதும்னு நிக்கிறான்."

கோடாலியை அவளுக்குத் தெரியும். அவன் கைக்குப் போன கதையில் கடைசிப் பக்கத்தில் ஒருத்தரும் மிஞ்ச மாட்டார்கள். அதனால்தான் அந்தப் பெயர்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்று வைத்தாள்.

கூடத்தில் குழந்தை பொம்மைகளோடு என்னவோ பேசிக்கொண்டிருந்தாள். அம்மா படுக்கையறை மேஜை முன்னால் உட்கார்ந்து தளத்தைத் திறந்தாள். 'பங்கேற்கிறேன்', 'விலகுகிறேன்' என்று இரண்டு கட்டங்கள். எழுத வேண்டியது அவள் மனதில் அப்போதே இருந்தது. கதவு திறக்கும். வெளிச்சத்தை உடனே காட்டக் கூடாது. பட்டினி கிடந்தவருக்கு எடுத்த எடுப்பில் வயிறு நிறையக் கொடுத்தால் ஆள் போய்விடுவார். முதலில் ஸ்பூனில் தண்ணீர், அப்புறம் ஸ்பூனில் கஞ்சி, நாள் கணக்காக, பக்கத்திலேயே உட்கார்ந்து பொறுமையாக ஊட்ட வேண்டும். அதை அவளைவிட நன்றாக எழுத ஆளில்லை. ஒரு மாதம் தூக்கம் போகும், அவ்வளவுதானே. கட்டத்தின் மேல் விரலைக் கொண்டுபோனாள்.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. சமையலறைப் பக்கமிருந்து, தரையோடு தரையாக, அழுகும் பழத்தின் புளித்த இனிப்பு போல ஒன்று. வீட்டில் பழம் எதுவும் இல்லை. அவளுக்கு இது பழகிய வாசனை. பல நாளாகச் சாப்பிடாமல் கிடப்பவர்களின் மூச்சில் வருவது, வார்டில் கட்டிலருகே குனியும்போது முகத்தில் அடிப்பது. அதோடு ஒரு சத்தம், கதவின் கீழ்ப்பலகையில் நகம் போய்ப் போய் வருவதாக, அவசரமே இல்லாமல், நிற்பதும் தொடர்வதுமாக, உள்ளே இருப்பவருக்கு வேறு வேலையே இல்லை என்பது போல.

எலி. எலிதான்.

சத்தம் நின்றது. குழந்தையின் பேச்சும் நின்றது. பிரிட்ஜின் உறுமல் மட்டும்.

"யாராவது..." என்றது ஒரு குரல். நாக்கு ஒட்டிப்போன குரல். "யாராவது வெளிய இருக்கீங்களா?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு வார்த்தை. 'இருக்கேன்' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த வாயால் எத்தனை நோயாளிகளுக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறாள். இப்போது வெறும் பயம்தான் இருந்தது, வெட்கங்கெட்ட பயம். இது என் தலையை விட்டுப் போனால் போதும், யார் தலையிலாவது விடியட்டும் என்று தோன்றியது. 'விலகுகிறேன்' கட்டத்தை அழுத்தினாள். குருவிக்குப் போன் போட்டாள்.

"குடுத்துடு. அவனுக்கே குடுத்துடு."

"நெஜமாவா? அப்புறம் அழக் கூடாது. என் நெட்டையக் கொன்னுட்டான்னு..."

"குடுத்துடுன்னு சொல்றேன்ல!"

போனை வைத்ததும் வாசனை போய்விட்டது. யாரோ ஜன்னலைத் திறந்துவிட்டது போல வீடே லேசாகிவிட்டது. கூடத்தில் குழந்தை மறுபடி என்னவோ முணுமுணுத்தாள். ஸ்டூலை இழுத்து விளையாடும் சத்தம் கேட்டது. அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. படித்த பொம்பளை, ஓர் எலிக்கு இந்தப் பாடா? முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

போன் மினுங்கியது. கோடாலி சொன்ன சொல் தவறாதவன். புது அத்தியாயம் ஏறியிருந்தது.

பெருமூச்சோடு திறந்தாள். அவளுடைய பச்சைக் கதவு. அவளுடைய சமையலறை. எல்லாம் அவள் எழுதியபடியே, ஓர் எழுத்து பிசகாமல்.

'தாழ்ப்பாளை எட்ட உயரம் போதவில்லை. அதனால் ஸ்டூல் வேண்டியிருந்தது. திறந்தது ஒரு சின்னக் கை.'

அவள் நிமிர்ந்தாள்.

கூடம் அமைதியாக இருந்தது.

'பசி எப்போதோ போய்விட்டிருந்தது. அதைத் திரும்ப எழுப்பியது மணம். பால் மணம்.'

மிச்சத்தை அவள் படிக்கவில்லை. ஓடினாள். கூடத்தில் பொம்மைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. எதிரில் யாரும் இல்லை. சமையலறை. கவிழ்ந்து கிடந்த ஸ்டூல். அதன் பக்கத்தில் ஒரு சின்னச் செருப்பு.

பச்சைக் கதவு பாதி திறந்திருந்தது.

உள்ளே இருட்டு. அந்த வாசனை.

"கண்ணு..." என்றாள். "கண்ணு, உள்ள இருக்கியா?"

"இருக்கேம்மா."

உயிர் திரும்பி வந்தது. ஒரு நொடிதான். குரல் தரையிலிருந்து வரவில்லை. அவள் தலைக்கு மேலே, பரணுக்குப் பக்கத்திலிருந்து வந்தது. ஓர் ஆள் நெட்டையாக நின்று தோளில் தூக்கி வைத்துக்கொண்டால் எங்கிருந்து வருமோ, அங்கிருந்து.

சுவிட்ச் வெளியேதான் இருந்தது. கையை வைத்தாள். அழுத்த முடியவில்லை.

மேலே இருந்து ஏதோ அவள் காலடியில் விழுந்து உடைந்தது. கடிக்காத முழு பிஸ்கட்.

"அம்மா" என்றாள் குழந்தை, கொஞ்சம் குழம்பிப்போய். "மாமாவுக்கு இது வேணாமாம்."