நிறைஞ்சிருக்கு

தண்ணீர்க் குடங்களைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்த பறவைவண்டி அன்றைக்கும் வெள்ளமணல் தீவில் இறங்கவில்லை. தலைக்கு மேலேயே பறந்து அடுத்த தீவுக்குப் போய்விட்டது. "போ, நாசமாப் போ!" என்று பூமயில் விளக்குமாற்றை ஓங்கினாள். அதில் ஓட்டுநர் கிடையாது. திட்டி என்ன பயன்?

திட்ட வேண்டியது முன்காப்பு நிதியத்தை. தீவுக் கிணறுகள் எல்லாம் உப்பேறிப் போயிருந்தன. அந்தத் தண்ணீரைக் குடித்துக் குடித்து ஆட்களுக்கு முதலில் இரத்தக் கொதிப்பு, அப்புறம் சிறுநீரகக் கோளாறு. நோய் வந்தபின் வைத்தியம் பார்ப்பதைவிட, வருவதற்கு முன்னாலேயே நல்ல தண்ணீரும் காய்கறியும் கொடுப்பது மலிவு என்று அரசாங்கத்துக்கு ஒருவழியாகப் புத்தி வந்தது. நல்ல புத்திதான். அதை நடத்த உட்காரவைத்த ஆட்கள்தாம் சரியில்லை. மனு கிடையாது, அலுவலகம் கிடையாது, முறையிட ஓர் ஆள் கிடையாது. வீட்டுக்கு வீடு அடுப்படிச் சுவரில் தேவைச்செவி என்றொரு கருவியை மாட்டிவிட்டார்கள். வீட்டார் தங்களுக்குள் பேசுவதை அது கேட்கும். எது தீர்ந்தது, எது மிச்சமிருக்கிறது என்று தானே புரிந்துகொண்டு பறவைவண்டியை அனுப்பும். செவியைப் பார்த்து நேராகத் தண்ணீர் கேட்டால் அது கணக்கில் சேராது. கேட்பவன் பொய் சொல்வானாம்! தன்னை மறந்து பேசுவதுதான் உண்மையாம்! இந்த யோசனைக்குத் தலைநகரில் கைதட்டல் வேறு. கருமம்.

பூமயிலின் புருஷன் சேதுராசுக்குக் கால் வீங்கத் தொடங்கியிருந்தது. கரையிலிருந்த டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "இன்னும் முத்தல. உப்பில்லாத தண்ணி குடிச்சா இப்படியே நிறுத்திடலாம். விட்டீங்கன்னா ரத்தத்தை மிஷின்ல விட்டுச் சுத்தம் பண்ற நிலைமைக்கு வந்துடும்." அந்த மிஷின் தீவில் இல்லை. வாரத்துக்கு மூன்று தடவை கடல் தாண்டிப் போக அவன் உடம்பும் தாங்காது.

அவர் சொன்ன தண்ணீர்தான் பூமயிலின் தலைக்கு மேலே பறந்து போய்க்கொண்டிருந்தது.

அப்படியிருக்க ஒருநாள் நிதியத்தின் கள அதிகாரி நிலவழகன் படகில் வந்து இறங்கினான். வாயெல்லாம் பல். "வாழ்த்துக்கள்மா! உங்க தீவுக்குக் 'குறையிலாத் தீவு' விருது. வருஷம் பூரா ஒரு வீட்டுலகூட எந்தக் குறையும் செவி கேக்கல."

பூமயில் ஒரு செம்பில் கிணற்றுத் தண்ணீரை மொண்டு வந்து நீட்டினாள். அவன் ஒரு வாய் குடித்து, அப்படியே மணலில் துப்பினான்.

"துப்பிட்டீகளா? எங்க வீட்டுக்காரரு அதத்தான் சார் தினமும் குடிக்கிறாரு."

"ஆனா நீங்களே சொல்லியிருக்கீங்களேம்மா!" அவன் கைப்பலகையைத் தட்டினான். பூமயிலின் குரலே அதிலிருந்து வந்தது: "ஏங்க, தண்ணி நிறைஞ்சிருச்சு." மறுபடி தட்டினான். "கத்தரிக்கா நிறைஞ்சிருச்சுங்க." தட்டத் தட்டத் தீவின் பெண்கள் எல்லாருடைய குரலும் வரிசையாக வந்தது. அரிசி நிறைஞ்சிருக்கு. பருப்பு நிறைஞ்சிருக்கு. எல்லாம் நிறைஞ்சிருக்கு.

பூமயிலுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு ஆத்திரம் வந்தது. "அட பாவிகளா! தீந்துபோச்சுன்னு அர்த்தம் சார் அது! குடும்பம் நடத்துற வீட்டுல இல்லன்னு சொல்லக் கூடாதுன்னுதான் நிறைஞ்சிருக்குன்னு சொல்லுவோம். உங்க வீட்டுல சொல்ல மாட்டாகளா?"

"எங்க வீட்டுல பேசுறதே கம்மிம்மா," என்றான் நிலவழகன்.

பக்கத்துத் தீவுகளில் இருப்பவர்கள் வேறு கரையிலிருந்து குடியேறியவர்கள். தீர்ந்ததைத் தீர்ந்தது என்று பட்டென்று சொல்லிவிடுவார்கள். தண்ணீர் அவர்களுக்கு வந்தது. மங்கலமாகப் பேசிய ஊருக்கு விருது வந்தது!

"சரி, இனிமே இல்லன்னே பேசிக்குங்களேன்," என்று நிலவழகன் சுலபமாக வழி சொன்னான்.

"நோவாளி படுத்திருக்குற வீட்டுலயா? எப்படி சார் வாய் வரும்?"

உள்ளிருந்து சேதுராசு குரல் கொடுத்தான்: "நாங்க பேச்ச மாத்தணுமா, இல்ல உங்க மிஷினு காத மாத்தணுமா தம்பி?"

நிலவழகனுக்கு உறைத்திருக்க வேண்டும். கைப்பலகையை எடுத்தான். தீவிலிருந்த எல்லாச் செவிகளுக்கும் ஒரே பாடத்தை ஏற்றினான்: 'நிறைந்திருக்கிறது' என்றால் 'இல்லை'. "அடுத்த வாரம் முதல் வண்டி இறங்கிடும்மா," என்றான்.

விருதையாவது ரத்து செய்வார்கள் என்று பூமயில் எதிர்பார்த்தாள். எங்கே? பதாகை அடித்தாகிவிட்டது, மாலை வாங்கியாகிவிட்டது. தண்ணீர் வரும் நாளிலேயே விழாவையும் வைத்துக்கொள்ளலாம், படம் எடுக்க நன்றாயிருக்கும் என்று நிதியத்தின் இயக்குநர் சொல்லிவிட்டாராம். போக மனமில்லை அவளுக்கு. இருந்தாலும் போனாள். தண்ணீர் வருகிறதே!

பள்ளிக்கூடத்து முற்றத்தில் மேடை. பின்சுவரில், பிள்ளைகளின் மதியச் சோற்றுக் கணக்குக்காக மாட்டிய ஒரு செவி. மேடை மேசையில் தலைநகரிலிருந்து கொண்டுவந்த தண்ணீர் பாட்டில்கள், மேடையில் இருந்தவர்களுக்கு மட்டும். சேதுராசு வீங்கிய காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்து வந்து, வெறுங்குடத்தை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தான்.

கடல்மேல் பறவைவண்டி தெரிந்தது. கூட்டம் எழுந்து நின்றது. இயக்குநர் பாட்டிலைத் திறந்து தொண்டையை நனைத்துக்கொண்டு ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"அருமை மக்களே! இந்த மண்ணில் ஆரோக்கியம் நிறைந்திருக்கிறது. எங்கள் நெஞ்சில் கருணை நிறைந்திருக்கிறது."

பூமயிலுக்குச் சட்டென்று புரிந்தது. "சார், வேணாம், அந்த வார்த்த வேணாம்!" என்று கத்தினாள். யார் கேட்டார்கள்? கைதட்டலில் அது அமுங்கிப் போயிற்று.

"யாரும் கவலைப்பட வேண்டாம். நமது முன்காப்பு நிதியம் நிறைந்திருக்கிறது!"

பின்சுவரிலிருந்த செவி அதை 'நிதியம் இல்லை' என்று புரிந்துகொண்டது. நிதியம் காலியானால் எல்லாப் பறவைவண்டிகளும் கிடங்குக்குத் திரும்ப வேண்டும் என்பது விதி. கரைக்கு மேலே வந்துவிட்ட வண்டி அப்படியே நின்றது. குடங்கள் ஊசலாடின. பிறகு மெல்லத் திரும்பி, வந்த வழியே போனது. தூரத்தில் மற்ற தீவுகளிலிருந்தும் கரும்புள்ளிகள் கிளம்பிக் கரைப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தன.

நிலவழகன் கைப்பலகையைத் தட்டு தட்டென்று தட்டினான். நிதியம் காலி, மாற்றங்கள் ஏற்கப்பட மாட்டா என்று அது சொன்னது. இயக்குநர் உத்தரவு போட்டால் நிதியம் மறுபடி திறக்கும். அதற்கு அவரிடம் போய், உங்கள் பேச்சால்தான் இந்தக் கூத்து என்று சொல்ல வேண்டும். நிலவழகன் கைப்பலகையைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

சேதுராசு வானத்தைப் பார்த்தபடி குடத்தைக் கீழே வைத்தான். பூமயில் மணலில் உட்கார்ந்து மாரிலடித்துக்கொண்டு அழுதாள்.

"அந்தம்மா ஏன்யா அழுவுறாங்க?" என்று இயக்குநர் ஒலிபெருக்கியைக் கையால் மூடிக்கொண்டு கேட்டார்.

நிலவழகன் அவளைப் பார்த்தான், அவரைப் பார்த்தான்.

"மனசு நிறைஞ்சிருச்சு சார்," என்றான்.