பதினேழாம் டவரின் ஏட்டு விலை

அந்தப் பெண் வந்து உட்கார்ந்ததும் முதலில் சொன்னது, "எம் புருஷன் திருடன் இல்லைங்க" என்பதுதான். இருபது நாளாகப் பார்ப்பவரிடமெல்லாம் அதையே சொல்லியிருப்பாள் போல. சொல்லிச் சொல்லிக் குரல் வறண்டு போயிருந்தது.

அவள் கணவர் செல்போன் கம்பெனி ஒன்றில் டவர் ஆய்வாளர். டவரில் ஏறி இரும்பைத் தட்டிப் பார்த்து, இன்னும் எத்தனை வருஷம் தாங்கும் என்று எழுதிக் கொடுப்பது அவர் வேலை. பதினேழாம் எண் டவரிலிருந்து விழுந்து இறந்துபோனார். அதற்கு இரண்டு நாள் முன்பு அவரே கொடுத்தது என்று கம்பெனி ஓர் அறிக்கையைக் காட்டியது. 'ஐந்து தளங்களையும் ஏறிப் பார்த்தேன். ஏணி உறுதியாக உள்ளது. டவர் இன்னும் பதினோரு ஆண்டு உழைக்கும்.' பார்த்து முடித்த டவரில் மறுபடி எதற்கு ஏறினார்? செம்புக் கம்பியை வெட்டத்தான் என்று கம்பெனி முடிவு கட்டிவிட்டது. நஷ்டஈடு கிடையாது. மாதக் கடைசிக்குள் கம்பெனி வீட்டைக் காலி செய்ய வேண்டும். திருடன் மகள் என்ற பேச்சுக்குப் பயந்து பத்து வயதுப் பெண் பள்ளிக்கூடம் போக மறுக்கிறாள்.

கேட்டுக்கொண்டிருந்தவர் முப்பது வருஷம் கணக்குத் தணிக்கையில் இருந்து ஓய்வு பெற்று, இப்போது இப்படித் தேடி வருபவர்களுக்காகத் துப்புத் துலக்குபவர். பச்சை மையில் கேள்வி எழுதியே பல அதிகாரிகளின் தூக்கத்தைக் கெடுத்ததால் 'பச்சை மை' என்றே பெயர் நிலைத்துவிட்டது. பக்கத்தில் அவர் மனைவியின் தம்பி. இன்ஷூரன்ஸ் விற்பதை விட்டுவிட்டு அத்தானோடு ஒட்டிக்கொண்டவன். அவன் பூதக்கண்ணாடியும் கையுமாக அறிக்கையின் கையெழுத்தை ஆராய ஆரம்பித்தான். கம்பெனிக் கம்ப்யூட்டரில் எல்லார் கையெழுத்தும் படமாகக் கிடக்கும், யார் வேண்டுமானாலும் ஒட்டலாம், கண்ணாடியை உள்ளே வை என்றார் பச்சை மை.

மறுநாள் காலை மூவரும் டவரடிக்குப் போனார்கள். தொழிற்பேட்டைக்குப் பின்னால் கம்பி வேலிக்குள் மொட்டையாக நின்றது அது. மைத்துனன் நாலு தளங்களையும் கீழிருந்தே படம் எடுத்தான். மூன்றாவது தளத்துக்கு மேலே ஏணியின் ஒரு துண்டு பிய்ந்து தொங்கியது. அதற்கு நேர் கீழே சிமெண்ட் தரையைக் கழுவி விட்டிருந்தார்கள். அந்தப் பெண் வேலிக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள்.

டவர் மேற்பார்வையாளர் பேசவே தயங்கினார். கம்பி எதுவும் வெட்டப்படவில்லை, வெட்டும் கருவியும் கிடைக்கவில்லை என்பதை மட்டும் ஒப்புக்கொண்டார். டவர் ஏன் மொட்டையாக இருக்கிறது என்று கேட்டதற்கு, நாலு வருஷம் முன்பு புயலில் உச்சி வளைந்ததாகவும், மேல் ஒன்பது மீட்டரைத் தானே முன்னால் நின்று அறுத்து இறக்கியதாகவும் சொன்னார்.

"அத்தான், அந்த ஆளு கண்ணையே பார்த்துப் பேசல. அறிக்கையை எழுதினது அவருதான்" என்றான் மைத்துனன் திரும்பும் வழியில்.

"இல்ல மாப்ள. அவரு எழுதியிருக்க முடியாது."

அடுத்துப் பச்சை மை பார்க்க விரும்பியது கம்பெனியின் சொத்துப் பதிவேட்டை. அதை எழுதும் பெண் கணக்காளர் படபடப்போடு எடுத்துக் காட்டினாள். பதினேழாம் டவர், உயரம் நாற்பத்தைந்து மீட்டர், தளங்கள் ஐந்து. உச்சி போன பிறகும் ஏட்டில் மட்டும் டவர் முழுசாக நின்றது. புயல் முடிந்த வாரமே மதிப்புக் குறைப்புச் சீட்டு எழுதி நிதித் தலைவருக்கு அனுப்பினேன், ஒவ்வொரு வருஷமும் நினைவூட்டுகிறேன், கையெழுத்து வரவில்லை என்றாள். மதிப்பைக் குறைக்கச் சொல்லும் காகிதம் எதுவானாலும் அவர் மேஜையின் கீழ் இழுப்பறைக்குள் போய்விடும். ஆபீசில் அதற்கு ஐஸ்பெட்டி என்று பெயர்.

அன்று மதியமே நிதித் தலைவரின் அறையில் அந்தப் பெண், கணக்காளர் உட்பட எல்லாரும் கூடினார்கள். கம்பெனி முதலாளியும் வந்திருந்தார். அடுத்த மாதம் கம்பெனியை இன்னொருவருக்கு விற்கப்போகிறவர், வம்பு வேண்டாம் என்று நினைத்திருப்பார்.

பச்சை மை நிதானமாக ஆரம்பித்தார். ஒரு டவர் இனி சம்பாதிக்கப்போவதைவிட ஏட்டில் அதன் விலை அதிகமாக இருந்தால், ஏட்டு விலையைக் குறைத்து நஷ்டம் எழுதியாக வேண்டும். டவர் துருப்பிடித்துவிட்டது என்று ஆய்வாளர் எழுதினால் வேறு வழியில்லை. இந்த அறிக்கை வேறு விதமாகச் சொல்கிறது.

"அஞ்சு தளமும் ஏறிப் பார்த்தேன்னு இருக்கு. அங்க இருக்கறதே நாலுதான். ஏறின மனுஷனுக்கு அது தெரியாதா? இதை எழுதினவரு டவரைப் பார்க்கல, ஏட்டைப் பார்த்து எழுதியிருக்காரு."

மேற்பார்வையாளர் உச்சியை அறுத்தவர், அவர் ஐந்து என்று எழுதமாட்டார். கணக்காளர் அதைக் குறைக்கச் சொல்லி நாலு வருஷமாகக் கெஞ்சுபவள், அவளும் எழுதமாட்டாள். பதிவேட்டைப் பார்க்கிறவர்களில் அந்தச் சீட்டைப் படிக்காத ஆள் ஒருவர்தான் பாக்கி.

"கீழ் இழுப்பறையைத் திறங்க சார்."

நிதித் தலைவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி வேறு பக்கம் பார்த்தார். மைத்துனன்தான் குனிந்து இழுத்தான். அடியில் புயல் சீட்டுகள் நாலும் மடிப்புக் கலையாமல் கிடந்தன. எல்லாவற்றுக்கும் மேலே, ஆய்வாளர் கைப்பட எழுதிய உண்மை அறிக்கை.

நிதித் தலைவர் மறுக்கவில்லை. "ஒரு டவர்னா குறைச்சிருப்பேன். அதே வருஷம் அதே இரும்புல நட்டது இன்னும் இருநூத்திப் பன்னெண்டு நிக்குது. விக்கிற நேரத்துல எல்லாத்தையும் எப்படிக் குறைக்கறது? விழுவாருன்னு நான் நினைக்கல. விழுந்தப்புறம்தான் முந்தின தேதி போட்டு அந்த அறிக்கையை எழுதினேன்." அப்படியொரு மனிதர் மேல் இந்தக் கதை சொல்பவனுக்குப் பரிதாபம் வரவில்லை.

முதலாளி அவசரமாகப் பேசினார். நஷ்டஈடு உண்டு, வீட்டைக் காலி செய்ய வேண்டாம், திருட்டுப் பழியை எழுத்து மூலம் நீக்குகிறோம் என்றார். பச்சை மை போலீசுக்குச் சொல்லியாயிற்று என்று அவருக்குத் தெரிவித்துவிட்டு, அறிக்கையை அந்தப் பெண்ணிடம் கொடுத்தார்.

அவள் வரிவரியாகப் படித்தாள். 'மூன்றாம் தளத்துக்கு மேல் ஏணி போல்ட்டுகள் அரித்துவிட்டன. யாரையும் ஏற்ற வேண்டாம்.' ஓரத்தில் நிதித் தலைவரின் எழுத்து. 'ஏற்பதற்கில்லை. மறுபடி ஏறிப் பார்த்து எழுதவும். நீங்கள் மறுத்தால் உங்கள் உதவியாளரை ஏற்றவும்.' அதற்குக் கீழே, விழுந்த அன்றைய தேதி போட்டு, அவள் கணவரின் எழுத்து. 'உதவியாளர் வேண்டாம். நானே ஏறுகிறேன்.'

திருடன் இல்லை என்று இருபது நாள் அலைந்தவள் கையில் அதற்கான சாட்சி இருந்தது. அவள் முகத்தில் நிம்மதி மட்டும் வரவில்லை.

"தெரிஞ்சேதான் ஏறியிருக்காரு" என்றாள். "அன்னிக்குக் காலையில பாப்பாவைத் தூங்க விடாம எழுப்பி எழுப்பிக் கொஞ்சிட்டு இருந்தாரு. ஸ்கூலுக்கு லேட்டாகுது, கெளம்புங்கன்னு நான்தாங்க வெரட்டி விட்டேன்."

கணக்காளர் பெண் எழுந்து வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.