யாராவது ஒருவர் நிற்க வேண்டும்

அன்றைக்கு விடியற்காலையில் லாயம் சத்தமே போடவில்லை. மற்ற நாட்களில் டீச்சர் இரும்பு ஷட்டரைத் தூக்குவதற்குள் கனைப்பும், கதவில் உதையும், கொள்ளு வாளி எங்கே என்று பலகையைப் பல்லால் தேய்க்கிற கரகரப்புமாகக் குதிரைகள் ஊரைக் கூட்டிவிடும். அன்று தகரக் கூரைமேல் புறாக்கள் நடக்கிற சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது. அவள் வாளியை வைத்துவிட்டு முதல் அறையின் பாதிக் கதவுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். செவலைக் குதிரை காலை நீட்டிப் படுத்திருந்தது. பக்கத்து அறையில் கறுப்பும் படுத்திருந்தது. வரிசை முழுக்கப் பார்த்துக்கொண்டே போனாள். எல்லாக் குதிரைகளும் அடித்துப்போட்ட மாதிரி தூங்கிக்கொண்டிருந்தன.

குதிரை நின்றபடியே தூங்கும். முழங்காலைப் பூட்டிக்கொண்டால் போதும், உடம்பு தானாக நிற்கும். ஆழ்ந்த தூக்கத்துக்கு மட்டும் கொஞ்ச நேரம் படுக்கும். ஆனால் கூட்டமாக இருக்கும்போது எல்லாம் ஒரே நேரத்தில் படுப்பதில்லை. மற்றவை படுத்திருக்க, ஒன்றாவது எழுந்து நின்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கும். அந்த ஒன்று காவல் இருக்கிற தைரியத்தில்தான் மற்றவை கண்ணை மூடும். வேறொருவருடைய கிளப்பில் சவாரி சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளிய அத்தனை வருஷத்தில், இதற்கு மாறாக அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

குதிரைகளைக் கவனித்துக்கொள்கிற மீசை பின்னாலேயே வந்தார். மனிதர் வருவதற்கு ஒரு நொடி முன்னால் மீசை வந்துவிடும், அவ்வளவு பெரிசு.

"சொகுசு கண்டுடுச்சுங்க டீச்சர். புது இடம், புது வைக்கோல். நம்மளை மாதிரியா, அதுங்களுக்கு என்ன கவலை?"

"எல்லாமே எப்படிங்க படுக்கும்? ஒண்ணு நிக்கணுமே."

"அட, நாம பாக்காதப்ப நின்னிருக்கும்" என்று சிரித்தபடி அவர் கொள்ளை அள்ளப் போனார்.

வரிசையின் கடைசி அறை காலியாகத்தான் இருந்தது. திறப்பு விழாவன்று வரப்போகிற மட்டக் குதிரைக்காக வைக்கோல் பரப்பித் தயாராக வைத்திருந்தார்கள். டீச்சர் அதையும் எட்டிப் பார்த்தாள். கதவுக்கு நேர் பின்னால் வைக்கோல் நசுங்கித் தூளாகிக் கிடந்தது. ஏதோ ஒன்று ராத்திரி முழுக்க ஒரே இடத்தில் நின்றிருந்தால்தான் அப்படி ஆகும். குளம்பு என்றால் நான்கு பள்ளம் இருக்க வேண்டும். இரண்டுதான் இருந்தன. உள்ளேயிருந்து, வியர்த்துக் காய்ந்து மறுபடியும் வியர்த்துக் காய்ந்த துணியின் வாடை அடித்தது.

"நான்தான் நின்னிருப்பேன், வைக்கோல் பரப்புறப்போ" என்றார் மீசை. அவளும் அதை நம்பி வைத்தாள். தலைக்குமேல் வேலை கிடந்தது.

நகரத்தின் நடுவில் குதிரைச் சவாரி கிளப் நடத்த அனுமதி வாங்குவது குதிரைக் கொம்பு என்று எல்லோரும் சொன்னார்கள். அந்தக் கொம்பையும் அவள் வாங்கிவிட்டாள். "மண் குதிரையை நம்பி ஆத்துல இறங்காத" என்று அண்ணன் தலைபாடாக அடித்துக்கொண்டார். அவள் இறங்கிவிட்டாள். மூடிக்கிடந்த பழைய பஸ் பணிமனை கிடைத்தது. தரையில் எண்ணெய்க் கறை போக மணல் கொட்டி, ஒரு பக்கம் சவாரிக்கு வட்டம், மறுபக்கம் நடைபாதைக்கு இருபுறமும் பலகை தடுத்து அறைகள். வீட்டில் குதிரை வைத்துக்கொள்ள முடியாதவர்கள் இங்கே விட்டுவிட்டுப் போகலாம். திறப்பு விழாவுக்கு முன்பே அறைகள் நிரம்பிவிட்டன, கடைசி அறையைத் தவிர.

இவ்வளவும் யாருக்காக? மகளுக்காக. பாப்பாவின் அப்பா ஒரு ராத்திரி தூங்கப் போனவர்தான், எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து குழந்தைக்குத் தூக்கம் என்றாலே பயம். "நான் தூங்கும்போது யாராவது முழிச்சிருக்கணும்" என்பாள். டீச்சர் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவாள். உட்கார்ந்தால் தன்னை அறியாமல் கண் சொருகுகிறது என்று, நிற்பாள். கொஞ்சம் அசந்தால் இருட்டிலிருந்து அந்தக் குரல் வரும்: "அம்மா, கண்ணை மூடிட்டே." பள்ளிக்கூடத்தில் வகுப்பிலேயே மயங்கி விழுந்தாள் பாப்பா. குதிரைகளோடு இருந்தால் பயம் தெளியும், தூக்கம் வரும் என்றுதான் தாய் நம்பினாள்.

நம்பிக்கை பலித்தது. பலித்த விதம்தான் சரியில்லை.

பள்ளி விட்டு வந்த பாப்பா ஒரு மத்தியானம் கடைசி அறைக்கு எதிரே, புல்கட்டின்மேல் தலை சாய்த்தாள். பார்த்தால் தூங்கிவிட்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்து, கை துவண்டு. டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கடுத்த காலை நீட்டி, எத்தனையோ மாதத்துக்குப் பிறகு "அப்பாடா" என்றாள்.

சாயங்காலம் குழந்தை எழுந்ததும் தலையைக் கோதிக் கேட்டாள்.

"இங்க எப்படிம்மா பயமில்லாம தூங்கினே?"

"இங்கதான் முழிச்சிருக்காங்களே."

"யாரு, குதிரையா?"

பாப்பா இல்லையென்று தலையாட்டினாள். "கடைசி ரூம்ல. நின்னுக்கிட்டே இருக்காங்க. பாவம்மா, அவங்களுக்குத்தான் தூக்கம் வருது."

டீச்சர் திரும்பிப் பார்த்தாள். பாதிக் கதவுக்கு மேலே இருட்டு. வெறும் இருட்டுதான். ஆனால் எதிரே இருந்த குதிரைகள் அத்தனையும் அந்தப் பக்கமாகவே தலையைத் திருப்பி, காதைத் தொங்கவிட்டு, நிம்மதியாக நின்றன.

மறுநாள் குழந்தையை லாயத்துக்குக் கூட்டி வரவில்லை. அன்று இரவு பாப்பா ஒரு பொட்டுக்கூடத் தூங்கவில்லை. அடுத்த இரவும் இல்லை. கண் குழி விழுந்து, உதடு வெடித்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "அங்க போலாம்மா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். பெற்ற மனம் பித்து. டீச்சருக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த உதட்டைப் பார்த்துக்கொண்டு எந்தத் தாய் பயத்தைப் பெரிதாக நினைப்பாள்? திறப்பு விழாவுக்கு முந்தின நாள் மாலை, மழைக்கு நடுவில், மகளைக் கையில் பிடித்து ஷட்டரைத் தாண்டி உள்ளே வந்தாள்.

மீசை பெயர்ப்பலகை வாங்கிவரப் போயிருந்தார். பாப்பா புல்கட்டில் படுத்ததும் தூங்கிப்போனாள். இன்று ஒரு நாள் தூங்கட்டும், நாளையிலிருந்து வேறு வழி பார்க்கலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, டீச்சர் முதல் அறையிலிருந்து கொள்ளு வைத்துக்கொண்டு வந்தாள். தகரக் கூரைமேல் மழை கொட்டியது. அதற்கும் அடியில், நனைந்த தோலும் வைக்கோலும் கலந்த வெதுவெதுப்பான வாசனைக்குள், எல்லாக் குதிரைகளும் சேர்ந்து அரைக்கிற அந்த மொறுமொறுச் சத்தம் அவளுக்குத் தைரியமாக இருந்தது. விளக்கு ஒரு முறை கண்ணடித்து அணைந்தது. மாலை வெளிச்சம் கூரை இடுக்கில் சாம்பலாக மிச்சமிருந்தது.

மொறுமொறுச் சத்தம் குறைந்தது.

செவலை அரைப்பதை நிறுத்தியது. அப்புறம் கறுப்பு. ஒவ்வொன்றாக. தீவனம் பாதி வாயில் இருக்க எந்தக் குதிரையும் படுக்காது. படுத்தன. முழங்கால் மடங்குகிற சத்தம். பெரிய உடம்பு வைக்கோலில் சாய்கிற சத்தம். வரிசையில் அடுத்தது. அதற்கும் அடுத்தது. கடைசிக்கு முந்தின அறையிலிருந்த கிழ வெள்ளைக் குதிரை மட்டும் அவளை ஒரு முறை பார்த்தது. அதுவும் மடங்கியது.

"பாப்பா."

புல்கட்டில் யாரும் இல்லை.

கடைசி அறையின் தாழ்ப்பாள் வெளியே போட்டபடியே இருந்தது. பாப்பா உள்ளே இருந்தாள். வைக்கோலில் சுருண்டு, கன்னத்துக்குக் கீழே கையை வைத்து, அந்த இரண்டு பள்ளங்களுக்குப் பக்கத்தில்.

டீச்சர் தாழ்ப்பாளைத் திறந்து உள்ளே போனாள். அந்த வாடை. கதவு மூலையில் ஏதோ உயரமாக இருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது. பிள்ளையைத் தூக்கு. வெளியே போ. அவ்வளவுதான். இரண்டு எட்டு வைத்துக் குனியப் போனாள்.

பாப்பா கண்ணைத் திறக்காமலே பேசினாள். அவளிடம் அல்ல.

"அம்மா வந்துட்டாங்க. நீங்க படுத்துக்கோங்க."

பின்னால் வைக்கோல் சரசரத்தது. எலும்பு நெரியும் சத்தம், ரொம்ப நாளாக மடங்காத முழங்கால் மடங்குவது போல. ஒரு பக்கம். மறு பக்கம். ஏதோ பாரமாகத் தரையில் இறங்கியது. காதுக்கு மிக அருகில், மனிதக் குரலில், ஒரு நீண்ட மூச்சு.

"அப்பாடா."

அவள் குனிய முயன்றாள். முழங்கால் மடங்கவில்லை. பாதத்தைப் பார்க்க நினைத்தாள். தலை குனியவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. நசுங்கிய வைக்கோல் இரண்டு பக்கமும் அவளுடைய கால்களை அளவெடுத்ததுபோலப் பிடித்திருந்தது.

வெகு நேரம் கழித்து ஷட்டர் சத்தம் கேட்டது. டார்ச் வெளிச்சம் வந்தது.

"டீச்சர்! எங்க போய்ட்டீங்க? கதவைத் திறந்து போட்டுட்டு..."

வெளிச்சம் அவள் முகத்தில் நேராக அடித்தது. அவள் கண் கூசவில்லை. மீசை உள்ளே வந்து, அவளை உரசிக்கொண்டு போய், குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அம்மா எங்க பாப்பா?"

"இங்கதான் நிக்கிறாங்க."

அவர் டார்ச்சைச் சுற்றிலும் அடித்துப் பார்த்தார். பிறகு வெளியே போய்ப் பாதிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். நடைபாதையில் இரண்டு பக்கமும் படுத்துக் கிடந்த குதிரைகளைப் பார்த்து, "சொகுசு கண்டுடுச்சு" என்று முனகியபடி டீச்சரைத் தேடப் போனார். அவர் தோளில் பாப்பா வாய் திறந்து தூங்கினாள்.

கடைசி அறையில் டீச்சரின் காலடியில் படுத்திருந்தது தூக்கத்தில் புரண்டு, கொஞ்சம் வைக்கோலை இழுத்துப் போர்த்திக்கொண்டது. டீச்சர் கண்ணை மூட முயன்றாள். இமை அசையவில்லை. எதிரே குதிரைகள் ஆழமாக மூச்சு விட்டன.