ஒரு மணிச் செய்திக்கு ஒரு ரெக்கார்டர்

"உங்க அப்பா வீட்டை விட்டுக் கிளம்பும்போது எல்லா சுவிட்சையும் அணைச்சிட்டுத்தான் போவாரா?"

தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பதிவு செய்யும் ரெக்கார்டர் வாங்க வந்தவளிடம் ஒரு விற்பனையாளன் கேட்கக்கூடிய கேள்வியா இது? அவள் நிமிர்ந்தாள். கையிலிருந்த குடையின் நுனியிலிருந்து மழைநீர் பளபளத்த தரையில் சொட்டியது. எதிரே நின்றவனின் கண்களில் கேலி இல்லை. காய்ச்சல்காரரின் நாக்கைப் பார்க்கும் மருத்துவரின் பொறுமைதான் இருந்தது. அதுவே அவளை இன்னும் சீண்டியது.

ஏற்கெனவே பத்துக் கேள்விகளுக்குப் பதில் சொல்லி அலுத்திருந்தாள். அம்மாவுக்கு மூக்குக்கண்ணாடி உண்டா, ரிமோட் யார் கையில் இருக்கும், தவறான பொத்தானை அழுத்திவிட்டால் பதறுவார்களா, இல்லை, எழுந்தே போய்விடுவார்களா... பக்கத்து மேசைக்காரன் "டாக்டர், அடுத்த பேஷன்ட் காத்திருக்காங்க" என்று குரல் கொடுத்தபோதுதான் அந்தக் கடையில் இவனுடைய பட்டப்பெயர் அது என்று புரிந்தது. பழுதுபார்க்கும் பிரிவில் ஆறு ஆண்டுகள் இருந்துவிட்டு விற்பனைக்கு வந்தவனாம். எந்தப் பொருளையும் அது கெட்டுப்போகும் விதத்திலிருந்தே யோசிப்பவன் போலிருந்தது.

"எங்க அப்பா முப்பது வருஷமா தையல்கடை நடத்தறவர். பச்சைக் குழந்தை இல்லை," என்றாள்.

"குழந்தைங்களுக்குன்னா இவ்வளவு கேட்க மாட்டேங்க. அதுங்க தானா கத்துக்கும்."

உதட்டோரம் எழுந்த சிரிப்பை அவள் உடனே அடக்கிக்கொண்டாள்... இவனிடம் சிரித்து விடக்கூடாது.

அவன் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தான். ஒன்று சிறியது, அதன் ரிமோட்டில் ஆறே பொத்தான்கள். மற்றது பெரியது, ஒரே நேரத்தில் நான்கு அலைவரிசைகளைப் பதிவு செய்யும், ரிமோட்டில் ஐம்பத்து நான்கு பொத்தான்கள். சிறியதை அவள் பக்கம் தள்ளி, "உங்க வீட்டுக்கு இதுவே போதும்ங்க" என்றான்.

போதும்... அந்தச் சொல்லோடு அவளுக்கு நெடுநாள் பகை. தையற்காரர் மகளுக்கு இந்தப் பள்ளி போதும், இந்தப் படிப்பு போதும் என்று எத்தனை பேர் அளந்து சொல்லியிருக்கிறார்கள்! அவள் பெரிய பெட்டியின்மேல் கையை வைத்தாள்.

"இது வேணாம்ங்க. அப்புறம் கஷ்டப்படுவீங்க."

"நீங்க விக்க வந்தீங்களா, தடுக்க வந்தீங்களா?"

அவன் ரசீதுப் புத்தகத்தைத் திறந்தான்.

பெரிய பெட்டியை அவள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனதற்கு ஒரு காரணம் இருந்தது. ஒரு மணிச் செய்தியில், வாசிப்பவர் திரை முழுக்க அமர்ந்து பேச, கீழ்மூலையில் ஒரு சிறிய வட்டத்துக்குள் நின்றபடி அதே செய்தியைக் காது கேளாதவர்களுக்குக் கைகளால் சொல்லும் சைகைமொழி பெயர்ப்பாளர் அவள். வேலைக்குச் சேர்ந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அப்பாவும் அம்மாவும் ஒருநாள்கூட அவளை அந்த வட்டத்துக்குள் பார்த்ததில்லை. அவர்களுடைய கடை அலுவலகங்கள் நிறைந்த தெருவில் இருந்தது; உடைக்கு அளவு கொடுப்பவர்கள் மதிய இடைவேளையில்தான் வருவார்கள். கடையை ஒருமணி நேரம் அடைப்பது அப்பாவின் அகராதியிலேயே கிடையாது. கைபேசியில் போட்டுக் காட்டினால் அந்த வட்டம் நகக்கண்ணளவு சுருங்கிவிடும். அப்பா கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, "நீயா? சரிதான்" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

வரும் வெள்ளிக்கிழமை அதே ஒரு மணிக்கு நிதிநிலை அறிக்கையின் நேரலை. வழக்கமாக இருவர் மாறி மாறிச் செய்யும் அந்த மொழிபெயர்ப்பில், முதல் ஒருமணி நேரம் முழுவதையும் இம்முறை அவளிடம் தனியாக ஒப்படைத்திருந்தார்கள். அந்த ஒருமணி நேரத்தையாவது அவர்கள் பார்த்தாக வேண்டும்... பெரிய திரையில், தங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து. அவள் கேட்டது அவ்வளவுதான்.

தினமும் ஒரு மணிக்குத் தானாகப் பதிவாகும்படி அவளே கருவியை அமைத்தாள். திங்களன்று மாலை, திரையில் 'பதிவு எதுவும் இல்லை' என்று வந்தது. செவ்வாயன்றும் அதேதான். புதனன்று அப்பா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அந்த வரியைத் தீர்ப்பு வாசிப்பதைப் போல நிறுத்தி வாசித்தார். நமக்கு இதெல்லாம் சரிப்படாது, நீ நன்றாகத்தான் செய்வாய், பார்த்துத்தான் தெரிய வேண்டுமா என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போனார்.

அவள் அப்போதே கடைக்குப் போனாள். வேலை செய்யாத கருவியை விற்றுவிட்டதாக மேலாளர் முன்னிலையில் புகார் எழுதினாள். 'டாக்டர்' அதை முழுவதும் வாசித்தான். கீழே 'ஒப்புக்கொள்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டான். எதிர்த்துப் பேசியிருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும்... அவன் கேட்டது ஒன்றே ஒன்று.

"நாளைக்குக் காலையில அப்பா எத்தனை மணிக்குக் கடைக்குக் கிளம்புவார்?"

வியாழக்கிழமை காலை, அவள் ஒளிபரப்பு நிலையத்துக்குப் போன பிறகு, அவன் அந்த வீட்டுக்கு வந்தான். கூடத்தின் ஓரமாக நின்றான், எதையும் தொடவில்லை. தையற்காரர் கிளம்பினார். அறைவிளக்கு, மின்விசிறி, இஸ்திரிப்பெட்டி, கடைசியாகத் தொலைக்காட்சிக்குப் பின்னாலிருந்த சுவர்ப்பலகை... ஒவ்வொரு சுவிட்சையும் அணைத்து, அணைந்ததா என்று விரலால் தடவியும் பார்த்தார். இளவயதில் அவர் மறந்துபோன ஓர் இஸ்திரிப்பெட்டி வாடிக்கையாளர் ஒருவரின் திருமணக் கோட்டு ஒன்றைக் கருக்கிவிட்டதாம். அன்றிலிருந்து தொடரும் ஒழுங்கு இது. அதைச் சொல்லும்போது அவர் குரலில் பெருமிதமே இருந்தது. இருக்க வேண்டியதுதான் என்று அவனுக்கும் தோன்றியது.

"ஃபிரிட்ஜை மட்டும் விட்டுட்டீங்களே ஐயா?"

"அது வேலை செய்யுதே தம்பி. யாரும் இல்லாதப்பவும் அது ஓடணும்ல..."

சொல்லிக்கொண்டே போனவர் நின்றார். தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் இருண்டு கிடந்த பெரிய பெட்டியைப் பார்த்தார். அவரே திரும்பி நடந்து அந்த ஒரு சுவிட்சை மட்டும் போட்டார். பெட்டியின் முகப்பில் ஒரு சிறு பச்சைப்புள்ளி விழித்துக்கொண்டது.

"பாப்பாகிட்ட சொல்லிடாதீங்க தம்பி," என்றார், முகத்தைக் காட்டாமல். "நாலு பேருக்குப் புரியாததைப் புரியவைக்கற பொண்ணு. அதோட அப்பனுக்கு இதுகூடத் தெரியலைன்னு..."

"மெஷின்ல கோளாறுங்க ஐயா. சரி பண்ணிட்டேன்."

அம்மாவின் சிக்கல் வேறு. ஐம்பத்து நான்கு பொத்தான்களைக் கண்டாலே ரிமோட்டைத் தள்ளி வைத்துவிடுவார். வேண்டாதவற்றை நாடா ஒட்டி மறைத்துவிடலாம் என்றான் அவன். தையற்கடையில் முப்பது ஆண்டுகளாகச் சட்டைகளின் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுப்பவர் அவர். ரிமோட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்த மூன்று பொத்தான்கள் வேண்டும் என்று கேட்டார். கால்மணி நேரத்தில் நீலத்துணியில் ஓர் உறை தயாராகி, அதில் மூன்றே மூன்று துளைகள், ஓரம் பிரியாமல் நேர்த்தியாகத் தைக்கப்பட்டிருந்தன.

"பொத்தானுக்குக் காஜா போடறது என் வேலை. அதைப் பார்த்தா நான் பயந்தேன்?" என்றார், தன்னையே கேட்டுக்கொள்பவரைப் போல. பிறகு உறையை மாட்டிக்கொண்டே, "எங்க பொண்ணை டி.வி.ல பார்த்திருக்கீங்களா தம்பி?"

"தினமும்ங்க," என்று சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் அந்தச் சொல்லின் எடை அவனுக்கு உறைத்தது. கடையில் நாற்பது தொலைக்காட்சிகள் ஓடுவதையும், ஒன்றிலும் ஒலி வைக்க மாட்டார்கள் என்பதையும், அதனால் மதியம் ஒரு மணிக்கு அந்தப் பெரிய கூடத்தில் பேசுவது அந்தக் கைகள் மட்டும்தான் என்பதையும் விளக்கிச் சமாளிக்கப் பார்த்தான். விளக்க விளக்க நிலைமை மோசமானது. அம்மா தலையைக் குனிந்து நூலைப் பல்லால் கடித்தார்.

வெள்ளிக்கிழமை மாலை. கூடத்தில் மூவர். அம்மாவின் கட்டைவிரல் நீல உறையின் துளைக்குள் இறங்கியது... திரை விரிந்தது. நிதியமைச்சர் எழுந்து நின்றார். கீழ்மூலையில், ஒரு தட்டின் அகலத்துக்கு, அவள்.

அப்பா உட்காரவில்லை. தைத்து முடித்த ஆடையில் மடிப்புப் பார்ப்பதைப் போலத் திரைக்கு அருகே குனிந்து நின்றார். அமைச்சரின் பக்கம் அவர் பார்வை ஒருமுறைகூடப் போகவில்லை. மகளோ திரையைப் பார்க்கவில்லை. அப்பாவின் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று ஆண்டுகளாகக் கேமராவுக்கு அப்பால் யார் பார்க்கிறார்கள் என்றே தெரியாமல் சொன்ன செய்திகள் எல்லாம் இந்த ஒரு பிடரியை நோக்கித்தான் போயினவோ...

ஒருமணி நேரம் முடிந்தது.

"நடுவுல அவர் ஒரு தடவை சிரிச்ச சத்தம் கேட்டுச்சே, நீயும் சிரிச்ச," என்றார் அப்பா. "அதையும் சொல்லணுமா?"

"சொல்லணும்ப்பா. கேட்காதவங்களுக்கும் அந்தச் சிரிப்பு போய்ச் சேரணும்ல."

அவர் தலையசைத்தார். "ஒரு இடத்துலயும் கை தடுமாறலை. தையல் நேரா ஓடுது."

அப்பாவின் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பட்டம் வந்ததாக அவளுக்கு நினைவில்லை. அவர் நாற்காலியில் சாய்ந்தார். மகளின் உயரத்தை ஒருமணி நேரம் நின்று பார்த்தவருக்கு, தன் தவறு இப்போது சொல்லக்கூடிய அளவுக்குச் சிறிதாகியிருக்க வேண்டும். சுவிட்சை அணைத்தது தான்தான் என்றும், அதை அவளிடம் சொல்ல வேண்டாமென்று அந்தத் தம்பியிடம் சத்தியம் வாங்காத குறையாகக் கேட்டுக்கொண்டதாகவும் மெதுவாகச் சொன்னார்.

அந்தப் புகார்க் காகிதமும் 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற சொல்லும் அவள் கண்ணுக்குள் வந்து நின்றன. தவறே செய்யாதவன் தலைகுனிந்து கையெழுத்திட்டிருக்கிறான்... அதுவும் அவளுடைய அப்பா தலைநிமிர்ந்து இருப்பதற்காக. அம்மா ஓட்டுநரின் தோரணையோடு ரிமோட்டை உயர்த்தி, இன்னொரு முறை போடட்டுமா என்று கேட்டார்.

சனிக்கிழமை காலை கடை திறந்ததும் அவள் நேராக மேலாளரிடம் போனாள். புகாரைத் திரும்பப் பெற முடியாது, பதிவேட்டில் ஏறிவிட்டது என்றார் அவர். அப்படியானால் அதன் கீழேயே எழுதுகிறேன் என்று பேனாவை வாங்கினாள். 'தவறு கருவியிலும் இல்லை, விற்றவரிடமும் இல்லை. அவர் சரியான கேள்வியைக் கேட்டார். பதில் தெரிந்துகொள்ளாமல் கோபித்தது நான்.' வாழ்க்கையில் அவள் எழுதிய வாக்கியங்களிலேயே மிகக் கடினமானது அது. எழுதி முடித்தபோது ஏனோ சிறுமையாகத் தோன்றவில்லை. ஓரங்குலம் வளர்ந்துவிட்டதைப் போலிருந்தது.

அவன் ஒரு திரையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அப்பா சொல்லிட்டாரா?" என்றான், திரும்பாமலே.

"சொல்லிட்டார். அம்மாவும் ஒண்ணு சொன்னாங்க... நீங்க தினமும் ஒரு மணிக்கு..."

"நாற்பது டி.வி.ங்க. எந்தப் பக்கம் திரும்பினாலும் நீங்கதான். எங்க போறது?"

"நான் லீவு போட்டு வேற ஆள் வர்ற நாள்ல?"

துடைக்கும் துணி நின்றது. "அன்னைக்கு டி.வி.க்கு முதுகைக் காட்டி நிப்பேன்."

பக்கத்து மேசைக்காரன் இல்லாத வேலை ஒன்றைத் தேடிக்கொண்டு குனிந்தான். அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

"உங்களைப் பத்தி அப்பா என்ன சொன்னார் தெரியுமா? 'மெஷின்ல கோளாறுன்னு சொல்றப்பவே அந்தத் தம்பிக்குக் காது வரைக்கும் செவந்து போச்சு. பொய் சொல்ல வராத ஆளு'ன்னார்."

அவன் துணியை மேசைமேல் வைத்துவிட்டு முதன்முறையாக நேராக அவளைப் பார்த்தான். கண்ணாடிச் சுவரில் மழை இறங்கிக்கொண்டிருந்தது... அந்தச் சாம்பல் வெளிச்சத்தில் அவன் கண்கள் மட்டும் தெளிவாக இருந்தன.

"அப்படின்னா என் காதைப் பார்த்துக்கங்க," என்றான். "ஒரு வருஷமா உங்க கையைத்தான் எனக்குப் பிடிச்சிருந்தது. போன சனிக்கிழமையிலேருந்து உங்க கோபம், ரோஷம், உங்க வீட்டு ஆளுங்க... எல்லாமே பிடிச்சிருக்கு."

அவள் பார்த்தாள். அவன் காது சிவக்கவில்லை. சிவந்தது தன் காதுதான் என்பது அந்தச் சூட்டில் தெரிந்தது.

மூன்று ஆண்டுகளாக அவள் உலகுக்குச் சொன்னதெல்லாம் பிறர் பேசியவை. அமைச்சர்கள், மழைநிலவரம், விளையாட்டு முடிவுகள்... எதுவும் அவளுடையதில்லை. இந்த ஒரு வாக்கியம் அவளுடையது. அதனால் தலையை நிமிர்த்தி, பக்கத்து மேசை வரைக்கும் கேட்கும்படி, வாய்விட்டே சொன்னாள்.

"எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு."