பதின்மூன்றாவது குப்பி

"என் செல்களை யாரோ கொன்னுட்டாங்க" என்று சொல்லிக்கொண்டேதான் அந்த அம்மாள் உள்ளே வந்தார்.

"எத்தனை போன்மா?" என்று கேட்டுவிட்ட பூட்டுக்காரர், அத்தான் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார். இருபது வருடம் பூட்டுக் கம்பெனியில் விற்பனை பார்த்தவர் அவர். ஓய்வு பெற்ற மறுவாரமே, அக்காள் புருஷரான துப்பறிவாளரிடம் துணையாள் என்று ஒட்டிக்கொண்டுவிட்டார். கேட்டு ஒட்டிக்கொண்டவர் இல்லை. எந்தக் குற்றத்தையும் சாவித்துவாரம் வழியாகத்தான் பார்ப்பார்.

வந்தவர் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தின் உயிரியல் விஞ்ஞானி. இரண்டு நாளாகத் தூங்காத கண்கள்.

"நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லும் ரெண்டாப் பிரியுது. எப்பப் பிரியணும், எப்ப நிக்கணும்னு சொல்றதுக்குன்னே சில புரதங்கள் இருக்கு. அதுல ஒண்ணுதான் பிரேக்குன்னு நான் கண்டுபிடிச்சேன். அந்தப் புரதத்தை எடுத்துட்டா செல்லு தறிகெட்டுப் பெருகும். ஒன்பது வருஷ வேலைங்க. அதை மருந்தாக்கி, வர்ற திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில பதினோரு பேருக்கு ஊசி போடப் போறாங்க."

"அதுக்கு முன்னாடி ஏதாவது கேட்டாங்களா?" என்றார் துப்பறிவாளர்.

"நான் வளர்க்கிறது அந்தப் புரதம் எடுத்த செல்தானான்னு ஓர் அடையாளச் சோதனை கேட்டாங்க. போன மாசமே மாதிரி அனுப்பினோம், அறிக்கை வரல. மறுபடி அனுப்பலாம்னு முந்தாநாள் பார்த்தா, குடுவையில எல்லாம் செத்துக் கிடக்கு. உறைய வெச்ச பதிமூணு குப்பியில ரெண்டைக் கரைச்சுப் பார்த்தேன். அதுவும் பிணம். செல் போனாப் போகட்டும், பழைய கட்டுரைகளை வெச்சே ஆரம்பிச்சுடறோம்னு ஆஸ்பத்திரியில சொல்றாங்க. ஆனா எனக்கு யார்னு தெரியணும்." அவர் குரல் உடைந்தது. "என் வீட்டுக்காரர் அந்த நோய்லதான் போனார். ஒரு ஞாயித்துக்கிழமை. அவர் போன நேரத்துல நான் செல்களுக்கு ஊட்டநீர் மாத்திக்கிட்டு இருந்தேன். அத்தனையும் இதுக்காகத்தானேன்னு மனசைத் தேத்திக்கிட்டு இருக்கேன்."

பூட்டுக்காரருக்குப் போன் என்று கேட்ட நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மூவரும் ஆய்வகத்துக்குப் போனார்கள். கதவில் நல்ல பூட்டு. கீறல் இல்லை. சாவி மூன்று பேரிடம்: அந்த அம்மாள், அவரிடம் இருபது வருடமாகக் குடுவைகளைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளரான குடுவைக்காரர், பக்கத்து அறையில் புற்றுக்கட்டிச் செல்களை வளர்க்கும் விஞ்ஞானி. ஆய்வகத் தலைவர் பதவிக்கு அம்மாளோடு போட்டி போடுகிறவர் இவர்.

"அத்தான், ஆளைப் பிடிச்சாச்சு. பக்கத்து அறைதான்" என்று கிசுகிசுத்தார் பூட்டுக்காரர்.

"அவசரத்துல அண்டாக்குள்ளகூடக் கை போகாது மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டு, துப்பறிவாளர் செல் வளர்க்கும் வெப்பப் பெட்டியைத் திறந்தார். மேல்தட்டில் செத்த குடுவைகள். அதே தட்டில், ஒரு சாண் தள்ளி, புரதம் எடுக்காத சாதாரணச் செல்கள் நலமாக இருந்தன. அடுத்து உறைகலத்தைத் திறக்கச் சொன்னார். அம்மாள் தடித்த கையுறை போட்டுக்கொண்டு பெட்டியைத் தூக்கினார். வெண்புகை வழிந்தது. பதினொரு குப்பிகளும் வரிசை பிசகாமல் இருந்தன. பத்துச் சீட்டுகளில் எழுத்து மை ஓடிக் கலங்கியிருந்தது. முதல் வருடத் தேதியிட்ட ஒன்றில் மட்டும் எழுத்து பளிச்சென்று இருந்தது. கரைத்துப் பார்த்த இரண்டின் வெற்றுக் குப்பிகளையும் கேட்டு வாங்கினார். அவற்றிலும் மை ஓடியிருந்தது.

"நீங்க கரைக்கும்போது நனைஞ்சுதா?"

"இல்ல, எடுக்கும்போதே இப்படித்தான் இருந்தது."

பிறகு அவர் வெப்பப் பெட்டியின் பக்கத்தில் தொங்கிய பதிவேட்டை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அரை மணி நேரம் ஆயிற்று. பூட்டுக்காரர் அதற்குள் பூட்டை நாலு தரம் பூட்டித் திறந்து பார்த்தார்.

"அம்மா, முதல் மூணு வருஷம் ஞாயித்துக்கிழமை யாருமே வரல. அப்புறம் ஒரு ஞாயிறுகூட விடல. ஏன்?"

அந்த முகத்தில் முதல் தடவையாகக் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. "அதுதாங்க என் கண்டுபிடிப்பே! முதல்ல சாதாரணமாத்தான் வளர்ந்தது. நாலாவது வருஷம் வேகம் எடுத்தது. ரெண்டு நாளைக்கு ஒரு தடவை குடுவை நிறைஞ்சுடும். பிரேக் போன வண்டி ஓடத் தொடங்கிடுச்சுன்னு புரிஞ்சுக்கிட்டேன்."

துப்பறிவாளர், சாவி வைத்திருந்த மற்ற இருவரையும் கூப்பிடச் சொன்னார். குரலில் ஒரு தயக்கம் இருந்ததைப் பூட்டுக்காரர் கவனித்தார்; அத்தான் தயங்கி அவர் பார்த்ததில்லை.

ஐவரும் மேசையைச் சுற்றி நின்றார்கள்.

"விரோதி செஞ்ச வேலைன்னா பக்கத்துல இருந்த சாதாரணச் செல்லையும் சேர்த்துக் கொன்னிருப்பான், இல்லேன்னா திருடியிருப்பான்" என்று தொடங்கினார் துப்பறிவாளர். "இங்க குப்பிகளை வெளியே வெச்சு உருக விட்டுட்டு, வரிசை மாறாம திரும்ப வெச்சிருக்காங்க. உருகின பனியிலதான் பன்னெண்டு சீட்டுல மை கலைஞ்சது. பதிமூணாவதைத் தொடவே இல்லை. அது மட்டும் ஏன் பிழைச்சது?"

அவர் பதிவேட்டைத் திறந்து மேசைமேல் வைத்தார்.

"நாலாவது வருஷத்துல ஒரு சனிக்கிழமை. குடுவைக்காரர், மகள் கல்யாணத்துக்காக லீவு. அன்னைக்கு வேலை பார்த்தது நீங்க, அம்மா. பக்கத்து அறைக்காரர் ஊர்ல இல்லைன்னு அவரோட கட்டிச் செல்களுக்கும் நீங்களே ஊட்டநீர் வெச்சீங்க. ஒவ்வொரு செல்லுக்கும் தனிப் புட்டி திறக்கணும்னு இந்தச் சுவத்துலயே எழுதியிருக்கு. ஒன்பது வருஷமும் அப்படித்தான் பதிவு. அன்னைக்கு மட்டும், உங்க கையெழுத்துல, 'புதுப் புட்டி: ஒன்று.' ரெண்டு செல்லுக்கும் ஒரே புட்டி. அடுத்த மாசத்துலேர்ந்து ஞாயித்துக்கிழமை வேலை தொடங்குது."

அம்மாள் பதிவேட்டை வாங்கித் தேதியைப் பார்த்தார்.

"அன்னைக்கு என் வீட்டுக்காரருக்கு ஆபரேஷன். பத்து நிமிஷத்துல போயிடணும்னு..."

"கட்டிச் செல் ஒரு துளி போதும்" என்றார் பக்கத்து அறைக்காரர் மெதுவாக. அவர் முகத்தில் வெற்றி எதுவும் இல்லை. "எதோட கலந்தாலும் அதை அமுக்கிட்டு வளர்ந்துடும்."

"அப்போ அஞ்சு வருஷமா நான் வளர்த்தது..."

"என்னோடதை."

குடுவைக்காரர் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். அடையாளச் சோதனை அறிக்கை. மூன்று வாரப் பழசு.

"என் கைக்குத்தான் வந்தது மேடம். படிச்சேன். செல் அழிஞ்சுபோச்சுன்னா உங்களுக்கு நஷ்டம்தான். இது வெளியே தெரிஞ்சா அவமானம். நஷ்டத்தோட நீங்க பிழைச்சுக்குவீங்கன்னு நினைச்சேன்."

"அந்தப் பதினோரு பேரு?" என்றார் துப்பறிவாளர்.

அவர் தலை குனிந்தார். "அதை நான் யோசிக்கலீங்க. உங்க மேல சத்தியமா யோசிக்கல மேடம்."

"அந்த ஒரு குப்பியை மட்டும் ஏண்ணே விட்டீங்க?" என்று கேட்டார் அம்மாள்.

"அது ஒண்ணுதான் மேடம் உங்க செல்லு. அதைக் கொல்லக் கை வரல."

அந்தச் செல் புரதம் எடுத்தும் சாதாரண வேகத்தில்தான் வளர்ந்தது. அந்தப் புரதம் பிரேக்கே இல்லை என்பதற்கு இருந்த ஒரே சாட்சியைத்தான் அவர் பாசத்தோடு காப்பாற்றி வைத்திருந்தார். பூட்டுக்காரருக்கே அது புரிந்தது. குற்றவாளியைப் பிடித்தால் வழக்கமாக வரும் குஷி வரவில்லை. எங்கேயாவது வெளியே போய் நின்றால் தேவலை என்றிருந்தது.

அம்மாள் அழவில்லை. சுவரில் இருந்த தொலைபேசியை எடுத்து ஆஸ்பத்திரி எண்ணை அழுத்தினார்.

"திங்கட்கிழமை யாருக்கும் ஊசி போடாதீங்க... ஆமா, தப்பு என்னோடது... இல்லைங்க, தள்ளிப் போட வேண்டாம். நிறுத்திடுங்க. நான் எழுதினது எதுவும் உண்மையில்லை."

மறுமுனையில் யாரோ வெகுநேரம் பேசினார்கள். அவர் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு தொலைபேசியை வைத்துவிட்டு, பதிவேட்டில் வரும் மாதத்துக்குக் கட்டம் போட்டு வைத்திருந்த பக்கத்தைத் திறந்தார். ஞாயிறுகளை ஒவ்வொன்றாக அடித்தார். நான்கு.

"அண்ணே, இனிமே ஞாயித்துக்கிழமை யாரும் வர வேண்டாம்" என்றார். "நாம வீட்லயே இருந்திருக்கலாம்."