பூஜை போட்ட விமானம்

எலுமிச்சம்பழம் நசுங்கியிருந்தது. டிராக்டருக்கும் பைக்குக்கும் அடியில் வைத்த பழங்களை வண்டி ஏற்றி நசுக்கியது இளமாறனேதான், அது வேறு. இது சுவரில் மாட்டிய படத்துக்குக் கீழே, பலகை மேல் வைத்த பழம். இதன்மேல் எந்தச் சக்கரம் ஏறும்? எலியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டான். எலி கடித்தால் பழம் இப்படித் தட்டையாகுமா என்று மனசு உடனே குடைந்தது.

கச்சிராயபாளையத்தில் டிராக்டர் பட்டறை வைத்திருப்பவனுக்குப் போர் விமானப் படத்தின்மேல் அப்படியென்ன கிறுக்கு என்று அவன் மனைவி ஷாலினி கேட்காத நாளில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்துக் குண்டுவீச்சு விமானம், புல்தரையில் புறப்படத் தயாராக நிற்கிறது. வெள்ளைக்கார ஓவியர் ஒருவர் வரைந்ததன் அச்சுப்படம். ஆன்லைனில் வாங்கிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தான். அந்த விமானத்தில் பறந்தவர்களில் உயிரோடு திரும்பிய ஒரே ஆள் ஓரத்தில் பென்சிலால் கையெழுத்துப் போட்டிருந்தார். அதனாலேயே விலை ஜாஸ்தி.

இன்றைக்கு ஆயுதபூஜை. கொஞ்ச நேரம் முன்புதான் மகள் பாரதி லேத்துக்கும் கம்ப்ரசருக்கும் சந்தனம், குங்குமம் வைத்த கையோடு ஸ்டூலில் ஏறி, விமானத்தின் மூக்கிலும் ஒரு பொட்டு வைத்தாள்.

"இதுக்கும் பழம் வெக்கட்டாப்பா?"

"வெய்யேன், அதுவும் வண்டிதானே."

"பூஜ போட்டா ஒரு ரவுண்டு போவணும்ல? நான் போவட்டா?"

"தாராளமா போய்ட்டு வா," என்று சிரித்துவிட்டு, அக்கம்பக்கத்துக்குப் பொரி கொடுக்கக் கிளம்பினான்.

திரும்பி வந்தால் பழம் நசுங்கிக் கிடந்தது, பட்டறையில் அவள் இல்லை. விளக்கு வைக்கிற நேரம். சீரியல் பல்பு சிவப்பும் பச்சையுமாக அணைந்து அணைந்து எரிய, கற்பூர வாசனைக்கு அடியில் இன்னொரு நாற்றம் மூக்கில் ஏறியது. டீசல், கிரீஸ், வெல்டிங் புகை எல்லாம் அவனுக்கு அத்துப்படி. இது அதில் எதுவும் இல்லை.

கல்வராயன் மலைப் பக்கமிருந்து ஓர் உறுமல். கரும்பு லாரி என்றுதான் நினைத்தான். லாரி தரையில் போகும். இது மேலே போனது.

நிமிர்ந்து படத்தைப் பார்த்தான்.

புல்தரை இருந்தது. விமானம் இல்லை.

"பாரதீ!"

வீட்டுக்குள்ளிருந்து ஷாலினி எட்டிப்பார்த்தாள். "இன்னாங்க, பாப்பா உங்ககூடதான இருந்தா?"

போய்ட்டு வா என்று சொன்னது அவன் வாய்தானே! ஐயோ, விளையாட்டுக்குச் சொன்னது.

உறுமல் திரும்பியது. நெருங்கியது. தகரக் கூரை அதிர்ந்தது. ஸ்பேனர்கள் ஆணியிலிருந்து உதிர்ந்தன. தெருநாய்கள் ஊளையிட்டன.

உறுமல் சட்டென்று நின்றது.

ஷாலினிதான் முதலில் பார்த்தாள். அவள் போட்ட அலறலில் அவனும் திரும்பினான். படத்தில் இப்போது புல்தரை இல்லை. இருட்டிய வானம். நடுவில் விமானம். ஒரு பக்க இறக்கை எரிந்துகொண்டிருந்தது.

வால் முனையில், துப்பாக்கிக்காரன் உட்காரும் கண்ணாடிக் கூண்டுக்குள் பாரதி. வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. இரண்டு கையாலும் கண்ணாடியை அறைந்துகொண்டிருந்தாள்.

இளமாறன் சுத்தியலால் படத்தின் கண்ணாடியை உடைத்தான். விரல் கிழியக் கிழிய உள்ளே துழாவினான். காகிதம். வெறும் காகிதம்.

காகிதம் சுட்டது.

தீ இறக்கையைத் தாண்டி, வாலை நோக்கி மெதுவாக நகர்ந்தது.