வடக்கே திரும்பிய தலைகள்

குளிரறையின் மூன்றாம் தட்டில் ஒரு குழாய் மறுபடியும் வடக்கே தலை வைத்துக் கிடந்தது.

தேவதாஸுக்கு லாஸ்பேட்டை ஆராய்ச்சிக் கூடத்தில் சுமை தூக்கும் வேலை. வடகோடிக் கடலின் அடியிலிருந்து எடுத்த சேறு ஆள் நீளக் குழாய்களில் வரும். ரம்பத்தால் நீளவாக்கில் அறுத்து, பனி எப்போது உருகியது, கடல் எப்போது ஏறியது என்று அடுக்கடுக்காகப் பார்ப்பார்கள். சேற்றின் மேல்முனைக்குச் சிவப்பு மூடி. தேவதாஸும் கூட்டாளி தணிகாசலமும் அதைத் தலை என்பார்கள். வடக்கே தலை வைத்துப் படுக்காதவர்கள். குழாயையும் தெற்கே, கதவைப் பார்த்தே தலைவைத்து அடுக்கினார்கள்.

"இன்னொரு வாட்டி தல மாறிக் கெடந்தா வேலைக்கு வராதீங்க" என்று கூடத்தின் பொறுப்பாளர் சிவசங்கரி மேடம் நேற்று சொல்லியிருந்தார்.

"நான் திருப்பல மேடம்."

"அப்ப அதுவா திரும்பிச்சா?"

இன்று மேடம் வருவதற்குள் சரிசெய்யும் அவசரத்தில், தேவதாஸ் கதவுக்கு முட்டாகச் செங்கல் வைக்க மறந்து உள்ளே போனான். குழாயைத் திருப்பினான். முதுகுக்குப் பின்னால் கதவு மூடித் தானே பூட்டிக்கொண்டது. உள்கைப்பிடி உடைந்து வெகுநாளாயிற்று. கரண்டும் போனது. இயந்திரத்தின் இரைச்சல் அடங்க, மீனும் உப்பும் இல்லாத, வெயிலே படாத ஏதோ ஒரு வாடை இருட்டில் மெல்ல எழுந்தது.

"தணிகா! கதவத் தொறய்யா!"

"செங்கல்லு வைக்கலியா? நல்லா சில்லுனு கெட. ஒரு சாவி உங்கிட்ட, இன்னொண்ணு மேடங்கிட்ட இருக்கு, போன் போட்டுட்டு வரேன்."

செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது.

சர்ர்ர்...

இரும்புத் தட்டில் குழாய் உரசியது. பிறகு பக்கத்தில் ஒன்று. மேலே ஒன்று. தூக்கத்தில் புரண்டு படுப்பவர்களைப் போல, எல்லாம்.

கதவில் சாய்ந்து உட்கார்ந்தான். புறங்கையில் ஏதோ விழுந்தது. மாவைப் போல மென்மையாக, சில்லென்று. இமையில். உதட்டில். சத்தமே இல்லை. எழப் பார்த்தான். கால் முழங்கால்வரை சேற்றில் புதைந்திருந்தது.

கணுக்காலை எதுவோ பிடித்தது. அவன் குழாயைத் திருப்புவது போலவே, பதமாகத் திருப்பியது.

இப்போது பாதம் கதவைத் தொட்டது.

தலை, வடக்கே.

கத்தினான். வாய் நிறையச் சேறு. முகத்துக்கு நேரே வட்டமாக ஒன்று இறங்கியது. சிவப்பு.

கரண்டு வந்தது. சாவி திரும்பும் சத்தம்.

"எங்க மேடம் ஆளக் காணோம்? எல்லாத்தையும் வடக்கால திருப்பிப் போட்டுட்டு ஓடிட்டான் போல."

"கீழ இது என்ன, புதுசா ஒண்ணு? ஈரமா இருக்கே. இத மொதல்ல அறுத்துடலாம்."

"யப்பா... ஆளு கனம் கனக்குது மேடம்."

தூக்கினார்கள். கிடத்தினார்கள்.

காலடியில் ரம்பம் சுழலத் தொடங்கியது.